போர் வற்றியதா, குழாய் கசிகிறதா?

கேள்வி: போன கோடையில் கடைசி வரிசைத் தென்னை வரை தண்ணீர் பாய்ந்தது. இப்போது பாதித் தோப்போடு நின்றுவிடுகிறது. கடன் வாங்கியாவது போரை ஆழப்படுத்தச் சொல்கிறார்கள். செய்யலாமா?
- வாசகர், மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்.

பதில்: கடனுக்கு அலையுமுன் போர் வாயிலில் ஒரு 200 லிட்டர் டிரம்மை வையுங்கள். மோட்டார் அரை மணி நேரம் ஓடியபின் அது எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். பழைய அளவே வந்தால் போரில் குறையில்லை. மண்ணுக்குள் கிடக்கும் பி.வி.சி. குழாயைத்தான் சந்தேகிக்க வேண்டும். சிலர் தோப்பு முனையிலும் அளந்து கழித்துப் பார்ப்பார்கள். அது ஏமாற்றும். குழாய் நீளமாக இருந்தால் உராய்விலேயே தண்ணீர் குறையும்.

கசிவைச் சோதிக்க எளிய வழி உண்டு. மோட்டாரை ஓட்டிக் குழாயில் காற்றில்லாமல் தண்ணீர் நிரப்பி நிறுத்துங்கள். பிறகு இரு முனை வால்வுகளையும் அடையுங்கள். மேட்டுப்பக்க முனையில், வால்வுக்கு உட்புறமாக ஒரு கண்ணாடி ஓஸை மாட்டி, பத்தடிக் கம்பில் நிமிர்த்திக் கட்டுங்கள். அதில் தண்ணீர் ஊற்றி, மட்டத்தில் அடையாளம் வையுங்கள். காற்றுக்குமிழி வெளியேறுவதால் முதலில் சற்று இறங்கும், மறுபடி நிரப்புங்கள். அதன்பிறகும் மட்டம் இறங்கிக்கொண்டே இருந்தால் கசிவு நிச்சயம். மோட்டார் ஓடும்போது மட்டும் கடைசி வால்வை மூடிவிடாதீர்கள். 4 கிலோ அழுத்தக் குழாய் வெடித்துவிடும்.

அடுத்தது இடம். நடு வால்வை அடைத்துப் பாருங்கள். மட்டம் நின்றால் கசிவு அதற்கு அப்பால், இறங்கினால் இப்பால். நடு வால்வு இல்லையென்றால் பாதியில் அறுத்து மூடி போட்டுப் பார்க்கலாம், பிறகு கப்ளர் வைத்து இணைத்துக்கொள்ளலாம். 200 மீட்டர் இப்படி 100 ஆகும், 50 ஆகும். அந்த 50 மீட்டரில் மோட்டாரை ஓட்டி, விடியற்காலையில் நடந்து பாருங்கள். கோடையிலும் பச்சையாக நிற்கும் புல், காலில் அமுங்கும் மண், இவைதான் தடயம். ஈரம் தெரியும் இடமே ஓட்டை என்று எண்ண வேண்டாம். தண்ணீர் குழாயை ஒட்டியே ஓடி வேறிடத்தில் மேலே வரும். செம்மண்ணில் வெளியே தெரியாமல் கீழேயே இறங்கிவிடுவதும் உண்டு. இரும்புக் குழாயில் கம்பி வைத்துக் காது கொடுத்தால் சத்தம் கேட்கும். பி.வி.சி.யில் அது தூரம் போகாது.

தோண்டும்போது வளைவுகளையும் இணைப்புகளையும் முதலில் பாருங்கள். கரிசல் வெடிக்கும்போது இணைப்பை இழுத்துவிடும். டிராக்டர் ஏறும் இடமும் அப்படியே. சின்ன ஓட்டைதானே என்று விடவும் முடியாது. 2 கிலோ அழுத்தத்தில் 3 மி.மீ. துளை மணிக்குச் சுமார் 300 லிட்டரை விட்டுவிடும். சைக்கிள் டியூப் சுற்றுவது நிரந்தரத் தீர்வு ஆகாது. பழுதான துண்டை அறுத்து எடுத்து, ஈரமில்லாமல் துடைத்து, கப்ளரும் பசையும் வைத்து ஒட்டுங்கள். ஒரு நாள் காய்ந்தபின் மோட்டாரைப் போட்டு, கடைசி வரிசைக்குத் தண்ணீர் போகிறதா என்று பார்த்துவிட்டே குழியை மூடுங்கள்.