விளிம்பில் ஓடுபவனும் விளிம்பில் நிற்பவர்களும்

மயிலிட்டித் துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், கடந்த மாதத்தின் ஒரு மாலைப்பொழுதில், ஏழெட்டு இளைஞர்கள் உரத்த குரலில் வாதிட்டுக்கொண்டிருந்தனர். காணி விடுவிப்போ எரிபொருள் விலையோ அவர்களது பேசுபொருளாக இருக்கவில்லை. அயலூர்க் கழகமொன்றிலிருந்து விலகி, இவ்வூர் இளைஞர்களின் உதைபந்தாட்ட அணியில் புதிதாகச் சேர்ந்துகொண்ட இடதுபுற முன்கள வீரர் ஒருவரைப் பற்றியே அத்தனை சத்தமும். சென்ற பருவம் முழுவதும் ஒரு கோலையேனும் போடாதவர் அவர்.

"கோல் போஸ்ற் பக்கமே போகாதவனை என்னத்துக்கு எடுத்தவை?" என்றார் ஒருவர். "பந்து குடுத்தால்தானே அவன் போவான்" என்று மற்றவர் திருப்பிக் கொடுத்தார். மூன்றாமவரின் கேள்விதான் கனமானது. "அவன் வந்தால் எங்கட பெடியன் எங்க விளையாடுறது?"

வேறொரு அலுவலாக அங்கு சென்றிருந்த நாம் அரை மணி நேரம் அவ்விடத்தை விட்டு அகலவில்லை. ஊர் அணியொன்றின் ஆள்சேர்ப்பு ஒரு நாளேட்டின் ஆசிரிய பீடப் பக்கத்துக்கு உரியதா என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். உரியதுதான் என்பது எமது எண்ணம். ஆட்டத்தில் தளர்ந்துபோன ஒருவன் வேறோர் அணியில் புதிதாகத் தொடங்க முடியுமா என்ற வினாவின் பின்னால், எமது மக்களின் முப்பத்தைந்து ஆண்டு காலக் கதையும் ஒளிந்திருக்கிறது.

முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம். உதைபந்தாட்டத்தில் விளிம்பில் ஓடும் முன்கள வீரனைப் போன்று பிறரில் தங்கியிருப்பவன் வேறொருவன் இல்லை. நடுக்கள வீரனைச் சுற்றி நாற்புறமும் ஆட்டம் நடக்கிறது. பந்து அவனைத் தேடி வரும். வராவிடின் அவன் அதைத் தேடிச் செல்லலாம். விளிம்பு வீரனுக்கோ ஒரு புறம் வெள்ளைக் கோடு, மறுபுறம் எதிரணியின் பின்கள வீரன். கோட்டோரமாக ஓடிப் பந்தை உள்ளே உயர்த்தி அடிக்க வேண்டும், அல்லது உள்நோக்கி வெட்டி நுழைந்து தானே அடிக்க வேண்டும். இந்த இரண்டு வழிகளையும் எதிரணியினர் ஒரு பருவத்துக்குள் படித்துவிடுவர். அதன்பின் அவனைக் காப்பாற்றக்கூடியவர் அவனுக்குப் பின்னால் ஆடும் பின்கள வீரர்தான். அவர் முன்னேறிச் சென்றால் எதிரணியின் கவனம் இரண்டாகப் பிரியும். அவர் நின்ற இடத்திலேயே நின்றால், விளிம்பு வீரன் இருவருக்கு நடுவே அகப்பட்டுத் திணறுவான். இரசிகரின் கண்ணுக்கு அந்தத் திணறல் மாத்திரமே தெரியும்.

எமது கிராமத்து மைதானங்களுக்கென ஒரு விசேடமும் உண்டு. பார்வையாளர் அரங்கு இல்லாத இடங்களில் சனம் கோட்டோரத்திலேதான் நிற்கிறது. நடுக்கள வீரனின் காதில் விழாத ஒவ்வொரு சொல்லும் விளிம்பு வீரனின் காதில் விழும். தொண்ணூறு நிமிடமும் கைக்கெட்டும் தூரத்தில் வசையைக் கேட்டுக்கொண்டு ஓடுவது எத்தகையது என்பதை ஓடியவர்களே அறிவர். (பாடசாலைக் காலத்தில் இக்கட்டுரையாளரும் ஓரிரு ஆட்டங்களில் ஓடியதுண்டு. அதைப் பற்றி இதற்கு மேல் கூறாதிருப்பதே உத்தமம்.)

இவ்விடத்தில் நினைவுக்கு வருபவர் மைக்கல் சூசைராஜ். தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரவிபுத்தன்துறை என்னும் கடற்றொழிலாளர் கிராமத்தில் பிறந்தவர். மயிலிட்டியைப் போலவே கடலை நம்பி வாழும் ஊர் அது. சென்னை சிட்டி கழகத்தில் பெயரெடுத்து, 2018ஆம் ஆண்டு ஜம்ஷெட்பூர் அணியின் ஊடாக இந்தியன் சுப்பர் லீக் சுற்றுக்குள் நுழைந்தார். இடதுகாலால் பந்தை ஏந்திக்கொண்டு அவர் ஓடிய ஓட்டம் பலரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. அடுத்த ஆண்டே கொல்கத்தாவின் ஏரிகே அணி அவரைப் பணம் கொடுத்து வாங்கிக்கொண்டது.

புதிய அணியில் அவருக்குக் கிடைத்தது புதிய வேலை. ஸ்பானியப் பயிற்றுநர் அன்டோனியோ ஹபாஸ் பின்களத்தில் மூவரை மாத்திரம் நிறுத்தி, இடது விளிம்பு முழுவதையும் சூசைராஜிடம் ஒப்படைத்தார். தாக்குவதும் அவர், ஓடி வந்து தடுப்பதும் அவர். கோல்களை மட்டும் எண்ணிப் பார்ப்பவர்களுக்கு அவர் மங்கிவிட்டதாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் 2020 மார்ச்சில் கோவாவில் பார்வையாளர் எவருமற்ற மைதானத்தில் சென்னையின் எப்.சி.யை 3-1 என வென்று கிண்ணத்தைத் தூக்கிய அணி அந்த ஏரிகேதான். தாக்குதல் வீரர் ஒருவரை வேறொரு பணிக்குப் பழக்கி எடுக்கும் பொறுமை அப்பயிற்றுநரிடம் இருந்தது.

அதன் பின்னர் நேர்ந்ததையும் சொல்லத்தான் வேண்டும். 2020 நவம்பர் 20ஆம் திகதி, மோகன் பகானுடன் இணைந்து புதுப் பெயர் பெற்ற அவரது அணி கேரளா பிளாஸ்டர்ஸை எதிர்கொண்ட பருவத்தின் முதல் ஆட்டத்தில், கால்மணி நேரம் முடிவதற்குள்ளேயே முழங்காலில் காயமுற்று அவர் வெளியேறினார். அந்தப் பருவம் அத்துடன் முடிந்தது. 2022இல் ஒடிசா அணிக்கு மாறினார். முன்னைய வேகம் திரும்புமா என்று இரசிகர்கள் வாதிட்டனர். புதிய சீருடை ஒருவனின் முழங்காலை ஆற்றிவிடுவதில்லை. ஆயினும் காயமுற்ற வீரனுக்கு மருத்துவமும் ஒப்பந்தமும் அடுத்த வாய்ப்பும் தரக்கூடிய ஓர் ஏற்பாடு அந்நாட்டில் இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஹொக்கியிலும் இக்கதை உண்டு. புனே நகரை அடுத்த கட்கியில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த தன்ராஜ் பிள்ளை, 1998இல் பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் முப்பத்திரண்டு ஆண்டுகளின் பின் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுக்கொடுத்த அணியின் முன்னணி வீரர். அந்த வெற்றியின் ஈரம் காயுமுன்னரே அவரும் சக வீரர்கள் சிலரும் அணியிலிருந்து நீக்கப்பட்டனர். வீரர்களுக்கான கொடுப்பனவு பற்றி வாய் திறந்தமையே காரணம் எனப் பரவலாகப் பேசப்பட்டது. அவர் மீண்டு வந்தார். சிட்னியிலும் ஏதென்ஸிலும் ஒலிம்பிக் ஆடினார். தளர்ந்தவரென ஓரங்கட்டப்படுபவர் எல்லோருமே உண்மையில் தளர்ந்தவர்கள் தாம் என்று நம்பிவிட வேண்டியதில்லை.

இலங்கையின் பக்கம் திரும்பினால் வசீம் ராசிக் எம் முன் நிற்கிறார். பேர்லினில் பிறந்து, மக்டபேர்க், ஏர்பேர்ட் முதலிய ஜேர்மன் கழகங்களில் மூன்றாம் பிரிவில் விளையாடியவர். அங்கு நிலையானதோர் இடத்துக்குப் போராடியவருக்குத் தந்தையரின் நாடு புதிய அணியானது. 2022 உலகக் கிண்ணத்துக்கான தகுதிச் சுற்றில் ஒரு கோலைக்கூடப் போடாதிருந்த இலங்கைக்கு, 2021 ஜூன் 5ஆம் திகதி தென்கொரியாவில் லெபனானுக்கு எதிராக 3-2 எனத் தோற்ற ஆட்டத்தில் இரண்டு கோல்களையும் போட்டவர் அவர்தான். அன்று தோற்ற அணியைப் பற்றிக் கொழும்பு கொம்பனித்தெருவிலும் புத்தளத்திலும் மன்னாரிலும் குருநகரிலும் ஒரே குரலில் பெருமையாகப் பேசினார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தோளோடு தோள் நின்று ஆடும் தேசிய அணியொன்று இந்நாட்டில் உண்டெனில் அது உதைபந்தாட்ட அணியே. கிரிக்கெட்டுக்குக் கிடைக்கும் பணத்தில் அதற்கு எவ்வளவு கிடைக்கிறது என்பது வேறு கதை.

அவ்வேறு கதைதான் மயிலிட்டி இளைஞனையும் பாதிக்கிறது. 2021இல் பத்துக் கழகங்களுடன் ஆரம்பிக்கப்பட்ட சுப்பர் லீக் ஒரு பருவத்துடன் நின்றுபோனது. நிர்வாகச் சீர்கேட்டின் உச்சமாக 2023 ஜனவரியில் சர்வதேச சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் மாதத்தில்தான் அத்தடை நீங்கிற்று. யாழ்ப்பாணத்தின் சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்துக்கு ஏணி ஒன்று இருந்தது. 2020இல் லங்கா பிறீமியர் லீக், பின்னர் வெளிநாட்டுச் சுற்றுகள், 2024இல் ஐதராபாத் அணி எனப் படிப்படியாக அவர் ஏறினார். உதைபந்தாட்ட வீரனுக்கு அத்தகைய ஏணி இல்லை. ஊர்க் கழகத்தில் இடமிழந்தால் அடுத்த ஊர்க் கழகம். அங்கும் இழந்தால் கடல், அல்லது கட்டார், அல்லது பிரான்ஸ்.

எனவேதான் அந்த இளைஞர்களின் வாதத்தைச் சிரித்துவிட்டுக் கடந்துபோக இயலவில்லை. வடபுலத்தில் கழகம் என்பது ஊரின் மறுபெயர். குருநகரின் பாடும்மீன், நாவாந்துறையின் சென் மேரிஸ், ஊரெழுவின் றோயல், இளவாலையின் யங்ஹென்றீசியன்ஸ் என்று சொல்லும்போதே ஊரும் மனிதரும் கண்முன் தோன்றுகின்றனர். ஒருவன் கழகம் மாறுகிறான் என்றால் ஊரை மாற்றிவிட்டான் என்றே கொள்ளப்படுகிறது. பழைய ஊரில் அவன் துரோகி. புதிய ஊரில் அவன் வந்தான் வரத்தான்.

ஆனால் "வெளியூர்க்காரன்" என்ற சொல் மயிலிட்டியில் ஒலிக்கும்போது சற்றுத் தயங்க வேண்டியிருக்கிறது. 1990 ஜூன் மாதத்தில் இவ்வூர் மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தனர். 2017 ஜூலை 3ஆம் திகதி துறைமுகத்தை உள்ளடக்கிய 54 ஏக்கர் விடுவிக்கப்படும் வரை, இருபத்தேழு ஆண்டுகள் ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. எஞ்சிய காணிகள் சிலவற்றுக்கான கோரிக்கை இன்றும் ஓயவில்லை. அந்த இருபத்தேழு ஆண்டுகளில் மயிலிட்டிப் பிள்ளைகள் எங்கே பந்தடித்தார்கள்? மல்லாகத்து முகாம்களின் ஓரத்திலும் பருத்தித்துறைக் கரையிலும், பிறருடைய மைதானங்களில், பிறருடைய அணிகளுக்காகவே அடித்தார்கள். தம்மைச் சேர்த்துக்கொண்ட கழகங்களை அவர்கள் நன்றியுடன் நினைவுகூர்கின்றனர், சேர்த்துக்கொள்ளாதவற்றையும் மறக்கவில்லை.

அதே ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். ஜின்னா மைதானத்தில் விளையாடிப் பழகிய கால்கள் புத்தளத்து உவர்மண்ணில் புதிய அணிகளைத் தேடின. அங்கு பிறந்த பிள்ளைகளுக்குப் புத்தளமே ஊராகிவிட்டது. பெற்றோருக்கோ சோனகதெருவே ஊர். திரும்பி வந்த குடும்பத்துப் பையன் எந்தக் கழகத்தில் தன்னைப் பதிவது? அவனை ஆவலோடு அழைத்துக்கொண்ட கழகங்கள் எத்தனை? இக்கேள்வியைத் தமிழ் வாசகர் தம்மிடமே கேட்டுக்கொள்வது நல்லது. எமது சமூகம் இதற்கு இன்னும் நேராக விடையளிக்கவில்லை.

எனினும் அந்த மூன்றாமவரின் கேள்வியை மழுப்பிவிடக் கூடாது. வெளியிலிருந்து ஒருவர் வந்தால் உள்ளூர்ப் பையன் ஒருவன் வாங்கில் அமர்கிறான் என்பது உண்மை. புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பரிசுப் பணத்துக்காக, ஒரேயொரு சுற்றுப்போட்டிக்கு மட்டும் நட்சத்திர வீரர்களைக் கூலிக்கு இறக்கும் வழக்கம் பல ஊர்களில் வேரூன்றியிருக்கிறது. கிண்ணம் ஊருக்கு வரும். இறுதியாட்டத்தில் ஊர்ப் பையன்கள் தண்ணீர்ப் போத்தல் தூக்குவார்கள். இது புதுத்தொடக்கம் ஆகாது, வெறும் வாடகை. ஒரு பருவம் முழுவதும் அணியுடன் நிற்பவர், பயிற்சிக்கு ஒழுங்காக வருபவர், சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவர் என்றால் அவரைச் சேர்ப்பதில் தவறில்லை. சேர்த்தபின் ஐந்து ஆட்டங்களுக்குள் கோல் கேட்பதுதான் தவறு. அவருக்குப் பின்னால் யார் ஆடுகிறார், பந்து அவரிடம் எந்த இடத்தில் வந்து சேர்கிறது என்பதை முதலில் பயிற்றுநர் பார்க்கட்டும். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் அணித்தெரிவு செய்பவர்கள் சற்று ஓய்ந்திருக்கட்டும்.

இன்னுமொன்று அந்த வாதத்தின் நடுவே தெரியவந்தது. சென்ற பருவத்தில் அவ்வீரர் இரவுத் தொழிலுக்குப் போய்வந்தே விளையாடியிருக்கிறார். விடிகாலையில் வலையிறக்கி, மீன் விற்று, இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்து, பிற்பகல் மூன்றரைக்கு மைதானம். கோட்டோரத்தில் நின்று திட்டியவர்களில் எத்தனை பேர் இதை அறிந்திருந்தனர்? அறிந்திருந்தாலும் திட்டியிருப்பார்கள் என்பது வேறு விடயம், இரசிகர் இரசிகரே.

இருள் சூழும் நேரத்தில், எல்லை தாண்டிப் பிடிபட்ட தமிழக விசைப்படகுகள் துருப்பிடித்துக் கிடக்கும் பக்கமாக, மோட்டார் சைக்கிளில் அந்த இளைஞரே வந்து இறங்கினார். கையில் எரிபொருள் கலன். வாதம் சட்டென்று நின்றது. அதுவரை அவரை எடுத்ததே பிழை என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"அண்ணை, நாளைக்கு எத்தினை மணிக்குப் பிறக்ரிஸ்?"

"நாலரைக்கு. கடல் விட்டால் வருவன்" என்றார் அவர்.