அடிக்க ஓங்கும் கை சாட்சி சொல்லவும் வரட்டும்

அயோத்தியாப்பட்டணத்துப் பெற்றோரே,

பிள்ளை பிடிக்கிறவன் என்று யாரோ ஒருவரின் மங்கலான படம் நம் பள்ளி வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது சுற்றி வருகிறது. எந்த ஊர், என்ன தேதி, யார் பார்த்தது என்று எதுவும் இருக்காது. கீழே மட்டும் வரிசையாகப் பதில்கள்: "கையை வெட்டணும்", "நடுரோட்டில் வெச்சு கொளுத்தணும்", "ஸ்டேஷனுக்குப் போனா வெளிய வந்துடுவான், நாமளே முடிச்சிடணும்". எழுதுகிறவர்கள் நம் பிள்ளைகளின் அப்பா, அம்மாக்கள். நானும் பெண் பிள்ளையைப் பெற்றவள்தான். கோபம் எனக்கும் வருகிறது. ஆனாலும் கேட்கிறேன், இந்தக் கோபம் இதுவரை எந்தப் பிள்ளையைக் காப்பாற்றியது?

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில் நடந்ததை அதற்குள் மறந்துவிட்டீர்களா? குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பம் அது. அதில் 65 வயதுப் பெண் ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கும்பல் என்று யாரோ சத்தம் போட, ஊரே திரண்டு அடித்தது. அந்தப் பெண் செத்தே போனார், கூட வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அடித்தவர்களும் பெற்றோர்கள்தான், நம்மைப் போலவே வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பியவர்கள்தான். பலர் கைதாகி ஜெயிலுக்குப் போனார்கள். கடத்தப்பட்ட பிள்ளை என்று அங்கே ஒருவருமே இல்லை.

"அது வதந்தி, உண்மையான குற்றவாளி கிடைத்தால் அடிக்க வேண்டியதுதானே?" என்பீர்கள். அதே ஆண்டு ஜூலையில் சென்னை அயனாவரத்தில், காது கேளாத 11 வயதுச் சிறுமிக்கு நடந்த பாலியல் கொடுமை வெளியே வந்தது. கைதான 17 பேரை உயர்நீதிமன்ற வளாகத்தில் வைத்து வக்கீல்களே அடித்து உதைத்தார்கள். நாமெல்லாம் டிவியில் பார்த்துக் கைதட்டினோம். 2020 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: 15 பேருக்குத் தண்டனை, ஒருவர் வழக்கு முடிவதற்குள் இறந்துவிட்டார், ஒருவர் விடுதலை. சாட்சியங்களைப் பார்த்து நீதிமன்றம் விடுவித்த அந்த ஒருவரும் அன்று அதே வரிசையில்தான் நின்றார். அடித்த கைக்கு ஆள் வித்தியாசம் தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்கு நீதி வாங்கிக் கொடுத்ததும் அந்த உதை கிடையாது. சாட்சி சொன்னவர்களும், வழக்கை நடத்தியவர்களும்தான்.

கோவையை நினைத்துப் பாருங்கள். 2010 அக்டோபரில் பள்ளிக்குக் கிளம்பிய அக்காளும் தம்பியும் கடத்திக் கொல்லப்பட்டார்கள். கைதான இருவரில் ஒருவர் சில நாட்களிலேயே என்கவுன்டரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஊர் பட்டாசு வெடித்தது. இன்னொருவர் மீதான வழக்கு படிப்படியாக உச்சநீதிமன்றம் வரை போய், 2019-ல் அவரது தண்டனை உறுதியானது. யார் என்ன செய்தார்கள் என்பது ஆதாரத்தோடு எழுத்தில் நிற்பது இந்த இரண்டாவது ஆளின் வழக்கால்தான். செத்தவனிடம் "இதற்கு முன் வேறு எந்தப் பிள்ளையைத் தொட்டாய்?" என்று யாரும் கேட்க முடியாது.

வழக்கை ஒழுங்காக நடத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கண்ணெதிரே உதாரணம் இருக்கிறது. 2017-ல் சென்னை மௌலிவாக்கத்தில் சின்னஞ்சிறு பெண் குழந்தை கொல்லப்பட்ட வழக்கில் சுமார் ஓர் ஆண்டில் தூக்குத் தண்டனை வந்தது, நாமும் மெச்சினோம். 2025-ல் உச்சநீதிமன்றம், குற்றம் சந்தேகமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று தண்டனை பெற்றவரை விடுதலை செய்துவிட்டது. அந்தக் குழந்தைக்கு இப்போது பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்? ஊர் ஆத்திரத்துக்கு ஆதாரத்தின் இடத்தை நிரப்பத் தெரியாது.

இனி சொல்லப்போவது உங்களுக்குக் கசக்கும். பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்படுகிறவர் பிள்ளைக்குத் தெரிந்த ஆள் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்லி வருகிறது. உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், பாடம் சொல்லித் தருபவர். துணி விற்க வரும் வடமாநிலத்துப் பையனைப் பார்த்தால் பாயும் நம் வீரம், மாமன் முறைக்காரன் என்றதும் எங்கே போகிறது? "பிள்ளையோட வாழ்க்கை போயிடும், குடும்ப மானம் போயிடும்" என்று நாலு பெரியவர்களை வைத்து ராஜி பேசி, ஒரு தொகையை வாங்கிக் கொடுத்து மூடிவிடுகிறோம். வெளியூர்க்காரனுக்குக் கல், சொந்தக்காரனுக்கு ராஜி. இரண்டிலும் பிள்ளைக்கு நீதி கிடையாது.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2012-ன் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பதே குற்றம். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம். வாங்குகிற அதிகாரி சீருடையில் வரக்கூடாது. விசாரணையின்போது குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளையின் கண்ணில் படக்கூடாது. கூடுமானவரை ஓர் ஆண்டுக்குள் வழக்கை முடிக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலைக் காசில்லாமல் கேட்டு வாங்கலாம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம். சம்பவம் நடந்த உடுப்பைத் துவைக்காமல், பிள்ளையைக் குளிப்பாட்டாமல் முதலில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? "கொளுத்தணும்" என்று எழுதுகிற நேரத்தில் இதை எழுதியிருந்தால் ஒரு பிள்ளைக்காவது உதவியிருக்கும்.

நீதி தாமதமாகிறது, உண்மைதான். அந்தத் தாமதத்தில் நம் பங்கும் இருக்கிறது. பார்த்தவர் சாட்சி சொல்ல வருவதில்லை. வந்தவர் கூண்டில் ஏறிப் பிறழ் சாட்சியாகிறார். தறிக்கும் வெள்ளிப் பட்டறைக்கும் போகிற குடும்பத்துக்கு ஒரு வாய்தா என்றால் ஒரு நாள் கூலி போச்சு. பாதிக்கப்பட்ட பிள்ளையின் தாய் சேலம் கோர்ட் வராந்தாவில் தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கும்போது, வாட்ஸ்அப்பில் குமுறிய நூறு பேரில் ஒருவராவது பக்கத்தில் போய் உட்கார்ந்தோமா?

ஆத்திரம் இருந்தால் அதை இங்கே செலவு செய்யுங்கள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நான்கு முடிவு எடுப்போம். சரிபார்க்காத படத்தை யாரும் பகிர்வதில்லை. சந்தேகம் என்றால் நேராக ஸ்டேஷனுக்குச் சொல்வது. குற்றம் செய்தவர் யார் வீட்டு ஆளாக இருந்தாலும் ராஜி பேசப் போவதில்லை. நம் ஊரில் ஒரு பிள்ளையின் வழக்கு நடந்தால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் முறை வைத்து இரண்டு பெற்றோர் அந்தக் குடும்பத்தோடு பஸ் ஏறுவது. முதல் முறைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.