மழித்தலின் விலை

சவரக்கத்தி திரும்பி வந்திருக்கிறது. முடிதிருத்தகத்திற்கு அன்று, வசதியும் ஓய்வும் உள்ள ரசிகர்களின் குளியலறைக்கு. மடக்கினால் கைப்பிடிக்குள் ஒடுங்கி, விரித்தால் கழுத்தருகே பளபளக்கும் அந்தப் பழைய கத்தியை இன்று விரும்பி வாங்குவோர் இரண்டு காரணங்கள் சொல்கிறார்கள். ஒன்று சிக்கனம், மற்றொன்று இன்பம். முதலாவது நிற்காத வாதம், இரண்டாவது முழு உண்மை, இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது கணக்கொன்று நம் ஊரில் இன்னும் பாக்கி நிற்கிறது என்பது நம் கட்சி.

முதலில் சிக்கனத்தைப் பார்ப்போம். ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுவதும் உழைக்கும், பேரனுக்கும் கொடுக்கலாம் என்கிறார்கள். உழைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் செய்த நல்ல புதிய கத்தி நூறு யூரோவுக்குக் குறைந்து கிடைப்பதில்லை. தீட்டும் தோல்வார், சாணைக்கல், தூரிகை, சோப்பு எல்லாம் சேர்த்துச் சுமாராக 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மறுபுறம், வாரத்திற்கொரு பிளேடு, ஒன்று ஐந்து ரூபாய் என்றால் ஆண்டுக்கு 260 ரூபாய். போட்ட முதலை மீட்க 57 ஆண்டுகளுக்கு மேலாகும். இருபது வயதில் தொடங்கியவர் எழுபத்தேழில் இலாபம் காண்பார். விலையுயர்ந்த பல அலகுக் கார்ட்ரிட்ஜ்களோடு ஒப்பிட்டால் இந்தக் கணக்கு மாறும் என்பது உண்மை. ஆனால் சிக்கனம் நாடுபவர் அவற்றின் பக்கமே போகமாட்டார்.

காலக்கணக்கும் உண்டு. சாதாரண ரேஸரைவிட நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் கூடுதலாகச் செலவாகிறது என்றால், ஆண்டுக்கு 91 மணி நேரம். பெரிய நாவல்கள் சிலவற்றை அதற்குள் படித்துவிடலாம்.

மலிவு என்பதே கத்தியைத் தோற்கடிக்கப் பிறந்த தத்துவம். தன்முகத்தைத் தானே மழித்துக்கொள்ளும் கலையைப் பற்றிப் பாரிஸ் நகரத்துக் கத்திக் கொல்லர் ழான் ழாக் பெர்ரே 1769இல் ஒரு நூலே வெளியிட்டார். அது கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. கிங் கேம்ப் ஜில்லெட் அந்தத் தேவையை நீக்கினார். 1903இல் அவர் விற்றது 51 ரேஸர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே. 1904இல் காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப்போரில் அமெரிக்க அரசு தன் வீரர்களுக்கென இலட்சக்கணக்கில் வாங்கியபோது ஒரு தலைமுறையின் வழக்கமே மாறிப்போனது. தீட்ட வேண்டாம், பழக வேண்டாம், மழுங்கியதும் எறிந்துவிடலாம். அதில் கிடைத்த விடுதலையைக் குறைத்துச் சொல்ல நமக்கு மனமில்லை. கைநடுங்கும் முதியவரும் அவசரமாக வேலைக்கு ஓடுபவரும் அதனால் பயன்பெற்றார்கள்.

கத்தியின் இரும்புக்கு நம் மண்ணோடும் தொடர்புண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740களில் மூசையில் எஃகை உருக்கி வார்க்கக் கற்றார். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே தென்னிந்தியக் கொல்லர்கள் மூசையில் எஃகு ஆக்கினார்கள். ஐரோப்பியர் அதனை 'வூட்ஸ்' என்றழைத்தார்கள். அந்த எஃகை ஆராய்ந்தவர்களுள் மைக்கேல் ஃபாரடேயும் ஒருவர். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் கத்திக் கொல்லரோடு சேர்ந்து அவர் எஃகுக் கலவைகளைப் பற்றி 1820இலும் 1822இலும் கட்டுரைகள் எழுதினார். எஃகில் ஐந்நூற்றில் ஒரு பங்கு வெள்ளி சேர்த்துப் பார்த்த சோதனை அவற்றிலொன்று. பின்னாளில் ஷெஃபீல்டு சவரக்கத்திகள் பலவற்றில் 'சில்வர் ஸ்டீல்' என்ற பொறிப்பு பெருமையாக இடம்பெற்றது.

இனி இன்பத்திற்கு வருவோம். வெந்நீரில் முகத்தைச் சில நிமிடம் ஊறவைக்க வேண்டும். நீரை உறிஞ்சிய மயிர் மிருதுவாகிறது. கத்தியைத் தோல்வாரில் தீட்டும்போது முதுகு முன்னே செல்ல வேண்டும், விளிம்பு பின்னே வர வேண்டும். மாற்றிச் செய்தால் தோலும் கெடும், கத்தியும் கெடும். முகத்தில் வைக்கும்போது முப்பது பாகை அளவில் சாய்வு. மறுகை தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். முதலில் மயிர் வளரும் திசையில், பின்பு குறுக்கே. பக்கவாட்டில் ஒரு நூலிழை நகர்ந்தாலும் இரத்தம். குழிவாகச் சாணை பிடித்த மெல்லிய அலகு மயிரை அரியும்போது மெல்லிய ஓசை எழும். அந்த ஓசையைக் கொண்டே கோணம் சரியா என்று காது சொல்லிவிடும். முடிவில் படிகாரம். பிறகு கத்தியைத் துடைத்து, ஈரம் போக்கி, ஒரு சொட்டு எண்ணெய். கடற்கரை ஊர்க்காரர்கள் இதை மறந்தால் மறுநாளே துரு. கிழமைக்கு ஒன்றாக ஏழு கத்திகளைப் பெட்டியில் வைத்து விற்ற காலமும் ஐரோப்பாவில் இருந்தது.

இவ்வளவு பாடும் ஏன்? வேறெதையும் நினைக்க முடியாத இருபது நிமிடங்கள் கிடைக்கின்றன என்பதற்காக. கவனம் சிதறினால் தண்டனை உடனே கிடைக்கும் வேலைகள் நம் வாழ்வில் அருகிவிட்டன. கூர்மை நிலையானதன்று என்பதும் அன்றாடம் புலப்படுகிறது. மயிர் எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையானது. ஆயினும் அது வளைந்து மோதும் கோணத்தில் அலகின் விளிம்பைச் சில்லுச் சில்லாக உடைக்கிறது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள். தீட்டுதல் என்பது அந்த நாள்தோறும் நிகழும் தோல்விக்கு நாள்தோறும் செய்யும் பரிகாரம்.

இலக்கியம் இந்தக் கத்தியை விடாமல் பற்றிக்கொண்டதற்குக் காரணம் வேறு. ஜாய்ஸின் 'யுலிஸஸ்' (1922) நுரைக்கிண்ணமும் சவரக்கத்தியுமாகத் தொடங்குகிறது. மெல்வில்லின் 'பெனிட்டோ செரினோ'வில் (1855) அடிமையொருவன் கப்பல் தலைவனுக்குச் சவரம் செய்கிறான். உண்மையில் யார் யாருடைய பிடியில் என்பதை அக்கத்தி அறியும். கொலம்பிய எழுத்தாளர் எர்னாண்டோ டெய்யேஸின் சிறுகதையில், கலகக்காரர்களுக்கு உதவும் நாவிதரிடம் அவர்களைக் கொன்று குவிக்கும் படைத்தலைவன் வந்து அமர்கிறான். கழுத்து திறந்திருக்கிறது, கத்தி கையில் இருக்கிறது. நாவிதர் தம் தொழிலை மட்டும் செய்து முடிக்கிறார். ஒருவர் மற்றவரிடம் கழுத்தை நீட்டுவது எத்தனை பெரிய நம்பிக்கை!

நம் ஊரில் அந்த நம்பிக்கைக்கு நாம் தந்த விலை என்ன? மூன்றாவது கணக்கு இதுதான். அடைப்பத்தை இடுக்கிக்கொண்டு வீடு வீடாகச் சென்றவருக்கு அறுவடையின்போது களத்தில் நெல் அளந்தார்கள். அந்தப் பங்கிற்குச் 'சுதந்திரம்' என்று பெயர். பெயரில் இருந்தது வாழ்வில் இருக்கவில்லை. அவரே கட்டியறுத்து மருந்திட்ட மருத்துவர். அவர் வீட்டுப் பெண் ஊருக்குப் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சி. கழுத்தையும் கருவையும் ஒப்படைத்தவர்கள் திண்ணையில் சரியாசனம் தரவில்லை, சாதிப்பெயரை வசையாக்கினார்கள். தலித் மக்களுக்கு முடிவெட்டக் கூடாதென்று பல ஊர்களில் அதே கையைக் கட்டியும் போட்டார்கள். இங்கிலாந்திலும் நாவிதரும் அறுவை மருத்துவரும் 1540இல் ஒரே சங்கத்தில் இருந்தவர்கள்தாம். 1745இல் பிரிந்தபோது ஒருவர் மேலே போனார், மற்றவர் கீழே நின்றார். ஆனால் அங்கே நாவிதரின் மகன் நாவிதராகவே இருக்க வேண்டும் என்று பிறப்பு விதிக்கவில்லை.

1986இல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று இந்தியாவிலேயே முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. அதன்பின் பரவிய அச்சத்திலும் விழிப்புணர்விலும், தீட்டும் கத்தியின் இடத்தைப் பாதியாக உடைத்துச் செருகும் பிளேடு பிடித்துக்கொண்டது. ஒரே கத்தி பல முகங்களைத் தொடுவது ஆபத்து. ஆகவே அது போனது சரிதான். அதோடு தோல்வாரில் கத்தி வீசும் கைப்பழக்கமும் போனது. அதற்கு யாரும் இரங்கல் எழுதவில்லை.

இன்று அதே பழக்கத்தை நாம் 'கலை' என்கிறோம். வெளிநாட்டுக் கத்தியும் தோலும் கையில் வந்தவுடன் அது ரசனையாகிவிடுகிறது. பரம்பரையாக அதைச் செய்தவருக்கோ பிள்ளைகளின் பள்ளியில் சொல்லத் தயங்கும் தொழிலாகவே இருந்தது. கத்தி வாங்காதீர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. தாராளமாக வாங்குங்கள், அந்த இருபது நிமிடம் அதற்குத் தகும். ஆனால் கற்பதற்குமுன், தீட்டும் கத்தியை ஆண்டு பழகிய முதிய கைகள் உங்கள் ஊரில் இன்னும் சில இருக்கக்கூடும், தேடிப் பாருங்கள். 'ஐயா, சொல்லிக் கொடுங்கள்' என்று கேளுங்கள். பாட்டு வாத்தியாருக்குக் கொடுப்பதுபோல் வெற்றிலை பாக்கோடு தட்சிணை வைத்து, எதிரே நாற்காலி போட்டு அமரச் செய்து கேளுங்கள். 15,000 ரூபாய்க் கணக்கில் இந்தச் செலவை யாரும் இதுவரை சேர்க்கவில்லை.