உங்க குழந்தைக்கு ரெண்டாவது டின்னர் வாங்குறதை நிறுத்துங்க

நம்ம சேனல்ல டாக்ஸ், இன்ஷூரன்ஸ், ஹோம் லோன்னு பேசிட்டு இருந்தவன் திடீர்னு சமையலுக்கு வந்துட்டானேன்னு நினைக்காதீங்க. இதுவும் கணக்குதான். வீடியோவுல பத்து நிமிஷத்துல சொல்ல முடியாததால இங்க எழுதுறேன்.

போன ஜூலை மாசம் ரிட்டர்ன் ஃபைல் பண்ண ஒரு தம்பி என் ஆபீஸுக்கு வந்திருந்தார். துவாக்குடி பக்கம் ஒரு கம்பெனியில இன்ஜினியர், மனைவியும் வேலைக்குப் போறவங்க, நாலு வயசுல ஒரு பொண்ணு. "சார், ரெண்டு பேர் சம்பளம் வருது, மாசக் கடைசியில எதுவும் மிஞ்ச மாட்டேங்குது"ன்னார். பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் புரட்டினேன். வாரத்துல மூணு நாள், ராத்திரி எட்டே கால் மணியிலிருந்து எட்டே முக்காலுக்குள்ள, உணவு டெலிவரிக்கு ஒரு டெபிட். 240, 310, 265. பெரிய தொகையே கிடையாது. அந்த நேரம்தான் உறுத்துச்சு. "வீட்ல சமைக்கிறதில்லையா?"ன்னு கேட்டேன். "சமைப்போம் சார். பாப்பா சாப்பிட மாட்டா. அவளுக்கு மட்டும் ஃப்ரைடு ரைஸ்"னார்.

நான் சிரிக்கலை. ஏன்னா அதே மாதிரி ஒரு ஸ்டேட்மென்ட் என் பேர்லயும் இருக்கு.

என் பையனுக்கு அஞ்சு வயசு. ஒரு மாசம் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். அவன் சாப்பிடலைன்னு ஆர்டர் பண்ணது 9 தடவை, 2,610 ரூபாய். 'ஏதாவது வயித்துக்குப் போகட்டும்'னு வாங்கின பிஸ்கட், சாக்லேட், பால்ல கலக்குற மாவு, எல்லாம் சேர்த்து 1,340 ரூபாய். மொத்தம் 3,950. வருஷத்துக்கு 47,400 ரூபாய். வழக்கமா இந்த இடத்துல, இதையே எஸ்ஐபி-ல போட்டா 15 வருஷத்துல இவ்வளவு லட்சம்னு ஒரு கிராஃப் வரணும். போட மாட்டேன். குழந்தை சாப்பாட்டுல மிச்சம் பிடிச்சு கோடீஸ்வரன் ஆகுங்கன்னு சொல்றது அசிங்கம். குழந்தை நல்லா சாப்பிடுதுன்னா மாசம் நாலாயிரம் ஒரு செலவே இல்லை. ஆனா அவன் நல்லா சாப்பிடலையே! அந்தக் காசு அவன் உடம்புக்குப் போகலை. ராத்திரி எட்டு மணி சண்டையை நிறுத்துறதுக்கு நாங்க கொடுத்த விலை அது. சண்டையும் நிக்கலை.

இந்தக் கணக்குல வராத செலவு ஒண்ணு இருக்கு. பையன் ரெண்டு வாய் கடிச்சுட்டு வச்ச தோசை, பிசைஞ்சு பாதியில விட்ட ரசம் சாதம், இதெல்லாம் எங்க போகுது? எங்க வீட்ல என் மனைவி தட்டுக்குப் போகுது. எட்டரை மணிக்கு ஆறிப்போன மிச்சத்தை நின்னுக்கிட்டே சாப்பிட்டு, அதுதான் டின்னர்னு முடிச்சுக்குவாங்க. ஒன்றரை வருஷமா நடந்திருக்கு. கணக்குப் பார்க்கறவன் நான், எனக்கே தெரியலை. உங்க வீட்லயும் அந்த மிச்சத்தை யார் சாப்பிடுறாங்கன்னு இன்னிக்கு ராத்திரி ஒரு தடவை கவனிங்க.

சரி, குழந்தை ஏன் சாப்பிட மாட்டேங்குது?

முதல் விஷயம், நாம எதிர்பார்க்கிற அளவே தப்பு. பிறந்தப்போ இருந்த எடை முதல் வருஷத்துல ஏறத்தாழ மூணு மடங்கு ஆகும். அதுக்கப்புறம் வருஷத்துக்கு ரெண்டு கிலோ போல ஏறினாலே சரிதான். முதல் வருஷ வளர்ச்சியை வச்சு அடுத்த அஞ்சு வருஷத்துக்கு பட்ஜெட் போட்டா எந்தக் கம்பெனியும் தாங்காது. அதுவும் ரெண்டுல இருந்து ஆறு வயசு வரைக்கும் புதுசா எதைப் பார்த்தாலும் தள்ளி விடுறது பெரும்பாலான குழந்தைகளோட இயல்பு.

ரெண்டாவது, நம்ம கைங்கர்யம். சாயங்காலம் ஆறு மணிக்கு நாலு க்ரீம் பிஸ்கட், ஒரு டம்ளர் பால்ல ரெண்டு ஸ்பூன் மாவு. எட்டு மணிக்கு 'பசிக்கலை'ன்னா அது அடம் இல்லை, உண்மை. 2025 செப்டம்பர் 22லிருந்து பிஸ்கட்டுக்கும் நூடுல்ஸுக்கும் ஜிஎஸ்டி 5% ஆக்கிட்டாங்க. வாங்குறவங்களுக்கு சந்தோஷம். ஆனா வீட்ல பாக்கெட் குறையுமா கூடுமான்னு நான் சொல்லத் தேவையில்லை.

அந்தப் பால்ல கலக்குற மாவு பத்தி ஒரு வார்த்தை. 2024 ஏப்ரல்ல மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பிரிவிலிருந்து எடுக்கச் சொல்லி ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. காரணம் என்ன தெரியுமா? உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல 'ஹெல்த் டிரிங்க்'னு ஒரு வகையே வரையறுக்கப்படலை. அதாவது, 'சாப்பிடலைன்னா என்ன, சத்து பானம் குடிச்சுட்டான்ல'ன்னு நாம எழுதின பற்று வரவுல அந்த வரவு சைடு கொஞ்சம் சந்தேகம்தான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல, தமிழ்நாட்டில் 6 மாசத்துல இருந்து 5 வயசுக்குள்ள இருக்கிற குழந்தைகள்ல 57 சதவீதத்துக்கு மேல ரத்தசோகை. கீரையும் பயறும் முட்டையும் போக வேண்டிய வயித்தைப் பாலாலயும் பிஸ்கட்டாலயும் நிரப்பறோம்னு யோசிச்சா இந்த எண் கொஞ்சம் பயமுறுத்தும்.

இப்போ எங்க ஊர்க் கதை ஒண்ணு. திருவெறும்பூர்ல இருந்து திருச்சி போற வழியில காட்டூர் தாண்டும்போது பாப்பாக்குறிச்சின்னு ஒரு ஊர். 1982 ஜூலை 1 அன்னிக்கு எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வச்சது அங்கதான். தினம் பைக்ல தாண்டிப் போற ஊர், எனக்கு இது ரொம்ப நாள் தெரியாது. நானும் சத்துணவு தட்டு ஏந்தினவன்தான். சாம்பார்ல கேரட் கிடந்தா அதை ஒதுக்கிட்டு, முட்டை போடுற நாளுக்குக் காத்திருப்போம். ஆயாகிட்ட போய் 'எனக்கு மட்டும் வேற செஞ்சு குடுங்க'ன்னு கேட்க யாருக்கும் தோணினதே இல்லை.

உடனே 'அந்தக் காலத்துப் பசங்க எதைப் போட்டாலும் சாப்பிட்டாங்க'ன்னு ஆரம்பிக்கப் போறேன்னு நினைக்காதீங்க. அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. பசியில சாப்பிட்டதை ஒழுக்கம்னு பெருமை பேசக் கூடாது. அது மட்டும் இல்லை, ஒரே சாம்பார் சாதம் போட்டா பிள்ளைகளுக்கு அலுக்கும்னு அரசாங்கமே ஒத்துக்கிச்சு. 2013ல மாவட்டத்துக்கு ஒரு ஒன்றியம்னு சோதனையா கலவை சாதமும் முட்டை மசாலாவும் கொண்டு வந்தாங்க, அப்புறம் மாநிலம் முழுக்கப் போனது. காலை உணவுத் திட்டத்துலயும் உப்புமா, கிச்சடி, பொங்கல்னு நாளுக்கு ஒண்ணு மாறுது.

நான் சொல்ல வந்தது முட்டை விஷயம். சத்துணவுல முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு என்ன குடுக்கிறாங்க? வாழைப்பழம். அவ்வளவுதான். இந்த விதியை எழுதினவர் யாரோ, அவருக்கு ஒரு சல்யூட். பிள்ளையைத் திட்டலை, கட்டாயப்படுத்தலை, பட்டினியும் போடலை. மாற்று உண்டு. ஆனா அந்த மாற்றுக்கு அடுப்பு பத்த வைக்க வேண்டாம், விலையும் அதிகமில்லை, முட்டையை விட ஆசை காட்டுற பொருளும் இல்லை. நாம வீட்ல பண்றது நேர் எதிர். பீன்ஸ் பொரியல் வேண்டாம்னா ஃப்ரைடு ரைஸ் வருது. அப்போ பீன்ஸை மறுக்கிறதுதான் குழந்தைக்கு லாபம். நீங்களே அந்த இடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க? அஞ்சு வயசுக்காரன் நம்மளை விட நல்ல முதலீட்டாளர்.

நாலு மாசமா எங்க வீட்ல இந்த வாழைப்பழ விதிதான். திருச்சியில வாழைப்பழத்துக்கா பஞ்சம்? பூவனோ ஏலக்கியோ மேஜையில எப்பவும் இருக்கும். ராத்திரிக்கு ஒரே சமையல். தட்டுல அவனுக்குப் பிடிச்சது ஒண்ணாவது கட்டாயம் இருக்கும் — வெறும் இட்லி, நெய் போட்ட சாதம், தயிர், ஏதோ ஒண்ணு. மத்ததும் அதே தட்டுல ஒரு ஸ்பூன். சாப்பிட்டா சரி. இல்லைன்னா வாழைப்பழம். ஃபோன் எடுத்து ஆர்டர் கிடையாது. எலின் சாட்டர்னு ஒரு அமெரிக்க உணவியல் நிபுணர் ரொம்ப வருஷமா சொல்றது இதுதான்: என்ன, எப்போ, எங்கேங்கறது பெரியவங்க முடிவு; சாப்பிடறதா, எவ்வளவுங்கறது குழந்தை முடிவு.

ஒரே சமையல்னா குழந்தைக்குக் காரம் தாங்காதேன்னு கேட்பீங்க. தனியா சமைக்க வேண்டாம், பாதியில ஒரு கரண்டி எடுத்து வைங்க. சாம்பாருக்குப் பருப்பும் காயும் வெந்ததும், மிளகாய்த்தூள் போடறதுக்கு முன்னாடி ஒரு கிண்ணம் எடுத்தா அது குழந்தைக்குப் பருப்பு. கூட்டுக்குத் தாளிக்கறதுக்கு முன்னாடி ஒரு கரண்டி. அடைமாவுல முருங்கைக்கீரை போடறதுக்கு முன்னாடி ஒரு அடை வெறும் மாவுல, ரெண்டாவது அடையில நாலே நாலு இலை. சாயங்காலம் ஆறு மணிக்கு பிஸ்கட்டுக்குப் பதிலா சுண்டலோ வேர்க்கடலையோ நசுக்கிக் குடுத்துடறோம். அதுவே பாதி டின்னர். எட்டு மணிக்கு ரெண்டு வாய் போதும்னா அப்போ கவலை இல்லை.

இதுல ஒரு நேர்மையான சிக்கல் இருக்கு. ஒரு புதுக் காய் குழந்தைக்குப் பழக எட்டு, பத்து, சில சமயம் பதினஞ்சு தடவை கூடத் தட்டுல வைக்கணும்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. அந்த எட்டு தடவையும் குப்பைக்குப் போற காய்க்கு யார் காசு குடுக்கறது? கெய்ட்லின் டேனியல்ங்கற சமூகவியலாளர் 2016ல இதைத்தான் எழுதினார். கையில காசு குறைவா இருக்கிற பெற்றோர், வீணாகும்னு பயந்து குழந்தை நிச்சயமா சாப்பிடறதை மட்டும் வாங்குறாங்க. அது அறியாமை இல்லை, கணக்கு. எனக்கு அது நல்லாவே புரிஞ்சது. அதனாலதான் ஒரு ஸ்பூன். பெரியவங்களுக்காகச் செஞ்ச கூட்டுல இருந்து ஒரு ஸ்பூன் வீணானா ரெண்டு ரூபாய் கூட இல்லை. அவனுக்காகவே கால் கிலோ ப்ராக்கோலி வாங்கி வீணாக்கினாத்தான் வயிறு எரியும், அப்புறம் கோபம் வரும், அப்புறம் ஊட்டித் திணிப்போம்.

'இதைச் சாப்பிட்டா சாக்லேட்'ங்கற லஞ்சத்தையும் விட்டுடுங்க. அமெரிக்காவுல லீன் பர்ச் குழுவினர் 1984ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பழக்கமில்லாத ஒரு பானத்தைக் குடிச்சா பரிசுன்னு சொல்லிக் குடுத்த குழந்தைகளுக்கு, அந்தப் பானத்து மேல ஆசை குறைஞ்சுதான் போச்சு. காசு குடுத்துக் குடிக்க வைக்கறாங்கன்னா இதுல ஏதோ வில்லங்கம் இருக்குன்னு குழந்தைக்குத் தெரியாதா? அப்புறம், மொபைல்ல வீடியோ ஓடவிட்டு ஊட்டறது. சேனல் நடத்தறவன் நானே சொல்றேன், டின்னர் நேரத்துல என் வியூஸ் குறைஞ்சா பரவாயில்லை.

எங்க அம்மா இதுக்கு லேசுல ஒத்துக்கலை. "பிள்ளையை அரை வயிறா படுக்க வைக்கறதுக்கு நீ ஆடிட்டர் படிச்சியா?"ன்னு கேட்டாங்க. அவங்க பட்டினியைப் பார்த்த தலைமுறை, அவங்க பயத்துல நியாயம் இருக்கு. முதல் வாரம் நாலு நாள் அவன் வாழைப்பழத்தோட படுத்தான். அம்மா மூணு நாள் என்கிட்ட பேசலை. எனக்கும் தூக்கம் வரலை, அதை மறைக்க விரும்பலை. இன்னொண்ணு: குழந்தை எடை குறையுது, விழுங்கவே சிரமப்படுது, நாலஞ்சு பொருள் தவிர எதையும் தொடறதே இல்லைன்னா என் வாழைப்பழத்தை நம்பாதீங்க, குழந்தை டாக்டர்கிட்ட போங்க.

டெலிவரி செலவு போன மாசம் ஒரே ஒரு தடவை, 330 ரூபாய். அதுவும் ஞாயித்துக்கிழமை, எல்லாரும் சேர்ந்து சாப்பிட பரோட்டா வாங்கினது. என் மனைவி இப்போ உட்கார்ந்து சாப்பிடறாங்க. இதுக்கு எந்த ஹெட்ல என்ட்ரி போடறதுன்னு எனக்குத் தெரியலை.

பையன் மாறிட்டானான்னு கேட்டா, முழுசா இல்லை. கேரட் தொடறான். பருப்புல கரைஞ்ச கீரையைக் கண்டுக்க மாட்டேங்குறான். நேத்து ராத்திரி பீர்க்கங்காய் கூட்டு, அவன் தட்டுல ஏழாவது தடவை. மோந்து பார்த்தான், விரலால தட்டோட ஓரத்துக்குத் தள்ளினான். ரெண்டு இட்லி சாப்பிட்டான். ஒரு வாழைப்பழத்தை உரிச்சுக்கிட்டே, "நாளைக்கும் இதேதானா?"ன்னான். நாளைக்கு அவரைக்காய்.