வாசல் வழியே வராத சாட்சியம்



2020 ஜனவரி 8 இரவு, நம் களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். அநியாயமாக ஓர் உயிரைப் பறிப்பது மனித குலத்தையே கொல்வதற்கு ஒப்பானது என்பது நம் மார்க்கத்தின் தீர்ப்பு (5:32). இதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால், முறையற்ற சோதனை பற்றி ஒருவர் வாய் திறந்தால், "மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்?" என்று நம்மவர்களே வாயடைத்துவிடுகிறார்கள். அது தவறான பதில்.

சீருடையிலுள்ள காவலர் வாகனத்தை நிறுத்தி ஓட்டுநர் உரிமம் கேட்டால், காட்டுவது சட்டப்படி நம் கடமை. வண்டியைத் திருப்பி ஓடுவதும் பொய்ப் பெயர் சொல்வதும் முஃமினுக்கு அழகல்ல. ஆயினும் காவலருக்கும் கடமை உண்டு. பெண்ணின் உடலைப் பெண்ணே கண்ணியம் காத்துச் சோதிக்க வேண்டும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 50ஆவது பிரிவின்படி, நடுவர் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமையை உடல் சோதனைக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் கைப்பற்றிய பொருளை மட்டும் வைத்துத் தண்டித்தால் அத்தண்டனை நிற்காது என்று 1999இல் பல்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

மற்ற வழக்குகளில் இந்தக் காப்பு இல்லை. சோதனை சட்டவிரோதமானாலும், சட்டம் தடுக்காதவரை, அதில் கிடைத்த சாட்சியத்தை ஏற்கலாம் என்பது 1973இல் பூரன்மல் வழக்கின் தீர்ப்பு. விதியை மீறிக் கொண்டுவந்ததும் செல்லும் என்றால், விதியை மதிக்கும் நேர்மையான காவலருக்கு என்ன மரியாதை?

கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றிய ஓர் அறிவிப்பைச் சிந்தியுங்கள். இரவு ரோந்தில் ஒரு வீட்டில் கூச்சல் கேட்டுச் சுவரேறிக் குதித்தார்கள். உள்ளே ஒருவன் மதுவுடன் இருந்தான். அவன், தான் செய்தது ஒரு பாவம் என்றும், கலீஃபா செய்தவை மூன்று என்றும் எண்ணிக் காட்டினான்: துருவி ஆராய்ந்தது (49:12), வாசல் வழியே வராதது (2:189), அனுமதியின்றி நுழைந்தது (24:27). கண்ணால் கண்ட குற்றம்தான். இருந்தும் உமர் (ரலி) அவனைத் தண்டிக்காமல் திரும்பினார்கள்.

"அப்படியானால் குற்றவாளி தப்பிவிடுவானே!" என்பீர்கள். அவனைத் தப்பவிட்டவர் நீதிபதி அல்லர். வாசல் இருக்கச் சுவரேறியவரே. வில்சனின் குடும்பத்துக்கு வேண்டியதும் எவராலும் அசைக்க முடியாத தூய சாட்சியம்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆவது பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. அதை வலியுறுத்திக் கேட்பது காவல்துறைக்குப் பகையன்று.

பெற்றோரே, பாறசாலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் போய்வரும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: நிறுத்தினால் நில், மரியாதையாகப் பேசு, உண்மையைச் சொல், படிக்காமல் எதிலும் கையெழுத்திடாதே.

நமக்கே பாதகமாயினும் நீதியில் நிலைத்திருக்க (4:135) வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.