முதலிற் கேட்கும் செவி



விடியுமுன் பூக்கூடையோடு கீரமங்கலம் சந்தைக்குப் புறப்படும் பெண்ணொருத்திக்கு வழியில் வன்கொடுமை நேரிடின், அவள் அதனை யாரிடம் உரைப்பாள்?

181 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி தமிழகத்தில் 2018 முதல் இரவும் பகலும் இயங்குகிறது. அங்கே முதலிற் கேட்பவரின் கடமை, "ஏன் அவ்வழியே சென்றாய்?" என்று வினவுவதன்று. அவள் பாதுகாப்பாய் இருக்கிறாளா என அறிந்து, சொல்வதை நம்பிக் கேட்டு, உதவிக்கு வழிகாட்டுவதே. மருத்துவம், காவல், சட்டம், ஆறுதல், தங்குமிடம் அனைத்தும் ஒரே கூரையின்கீழ்க் கிடைக்கவே 2015-இல் 'சகி' மையத் திட்டம் தொடங்கப்பெற்றது.

காலந்தாழ்த்தல் ஆகாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்கவேண்டும். சோதனைக்குமுன் குளிப்பதும் உடையைத் துவைப்பதும் சான்றை அழிக்கும். அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் இலவசமாக உடனே சிகிச்சையளிக்கச் சட்டம் கட்டளையிடுகிறது. பெயரை வெளியிடுவது குற்றம். ஆகவே மானம் போகுமென்று அஞ்சி மறைக்க வேண்டா. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையாயின், அறிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டுச் சட்டம்.

ஆயினும் பல வீடுகளில் முதலிற் கேட்கும் செவி தாயினுடையதே. தாய்மாரே, "வெளியே சொல்லாதே" என்ற சொல் உங்கள் வாயினின்று வராதிருக்கட்டும். "நீ குற்றவாளியல்ல, மகளே" என்பதே முதற்சொல்லாகட்டும்.