மயக்கு என்றொரு கட்டளை

பாலைவனத்து ஊரொன்றின் தெருவில் ஒரு முதியவர் நிற்கிறார். என் பாத்திரத்தை அவர் அருகே நடத்திப்போய்ப் பொத்தானை அழுத்துகிறேன். ஒரு சிறு பெட்டி திறக்கிறது. அதில் ஒரே ஒரு வினைச்சொல்: மயக்கு. பக்கத்தில் ஒரு சதவிகிதம், அதாவது மயங்குவதற்கான வாய்ப்பு. அழுத்தினால் அவர் என் பின்னால் வருவார், சண்டையில் துணைக்கு நிற்பார். மயங்காவிட்டால் அந்த ஊரில் என் பெயர் கொஞ்சம் கெடும்.

பத்து நிமிடம் கழித்து அதே ஊரில் வேறொரு பாத்திரத்தோடு வருகிறேன். அதே முதியவர், அதே பொத்தான். இப்போது பெட்டியில் இருக்கும் சொல்: வழிகாட்டு. சதவிகிதம் இல்லை. பாத்திரத்தின் நிலை போதுமான அளவு உயர்ந்திருந்தால் அவர் நிச்சயமாக வருவார். அதே போலத் துணைக்கு நிற்பார். யாருடைய பெயரும் கெடாது.

முதலாமவள் நடனக்காரி. இரண்டாமவள் மதப்பணி செய்யும் துறவிப்பெண். இருவரும் செய்வது ஒரே வேலை. ஒருத்தி செய்தால் அது ஒழுங்கு, இன்னொருத்தி செய்தால் ஒழுங்கீனம். இதை யாரும் வசனமாகப் பேசுவதில்லை. விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த விதியைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

விளையாட்டின் பெயர் ஆக்டோபாத் டிராவலர். ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம், அக்வயர் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கி, 2018 ஜூலையில் நின்டெண்டோ ஸ்விட்சில் வெளியிட்டது. தொண்ணூறுகளின் சூப்பர் ஃபாமிகாம் கால ஆர்பிஜிகளை நினைவூட்டும்படி செய்யப்பட்டது. பாத்திரங்கள் புள்ளிப்புள்ளியான சின்னஞ்சிறு பொம்மைகள். அவர்கள் நடமாடும் உலகம் மட்டும் முப்பரிமாணம். வெளிச்சம், நிழல், நீரின் மினுக்கம் எல்லாம் இன்றைய தொழில்நுட்பம். இந்தப் பாணிக்கு எச்டி-2டி என்று பெயரே வைத்துவிட்டார்கள். எட்டுப் பயணிகள், எட்டுக் கதைகள். நான்கு பேர் பெண்கள், நான்கு பேர் ஆண்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்த விளையாட்டு மிகவும் பிடிக்கும். யசுனோரி நிஷிகியின் இசைக்காகவே ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறேன். முறைவைத்து நடக்கும் அதன் சண்டை அருமையானது. ஒவ்வொரு எதிரிக்கும் சில கேடயங்கள் உண்டு. எந்த ஆயுதத்துக்கு, எந்த மந்திரத்துக்கு அவன் தாங்கமாட்டான் என்று கண்டுபிடித்து அடித்தால் கேடயம் குறையும். பூஜ்யமானதும் அவன் நிலைகுலைந்து தன் முறையை இழப்பான். நமக்கோ முறைக்கு ஒரு புள்ளி சேரும். ஐந்து வரை சேர்த்து வைக்கலாம், ஒரே வீச்சில் மூன்று வரை செலவழிக்கலாம். அவசரப்படாமல் பொறுத்திருந்து, சரியான நேரத்தில் எல்லாவற்றையும் கொட்டி அடிப்பதில் இருக்கும் இன்பத்தை ஆடியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிடிக்காத ஒன்றைத் திட்டுவதற்கு நான் இவ்வளவு நேரம் செலவழிக்க மாட்டேன்.

நடனக்காரியின் பெயர் பிரிம்ரோஸ். பிரபுக் குடும்பத்துப் பெண். சிறுவயதில் அவள் கண்ணெதிரே அப்பாவைக் கொல்கிறார்கள். கொன்றவர்கள் உடலில் காக்கை முத்திரை இருந்தது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அவர்களைத் தேடி, ஆண்கள் கூடும் மதுக்கடையில் நடனக்காரியாகச் சேர்ந்து, முதலாளி ஹெல்கெனிஷின் அடியையும் வசவையும் தாங்கிக்கொண்டு காத்திருக்கிறாள். ஒருநாள் அந்த முத்திரை கண்ணில் படுகிறது. கிளம்புகிறாள். அவளுக்கு உதவிய ஒரே தோழி யூசுஃபாவை ஹெல்கெனிஷ் கொன்றுவிடுகிறான். பிரிம்ரோஸ் அவனைக் கொன்றுவிட்டு நடக்கத் தொடங்குகிறாள்.

ஆடியவர்களைக் கேட்டால் பெரும்பாலும் இதையே சொல்வார்கள்: எட்டில் இதுதான் கனமான கதை, இதுதான் முதிர்ச்சியான கதை. எனக்கு அந்த முதிர்ச்சி என்ற சொல்லில்தான் சந்தேகம். வணிகப் பெண் டிரெஸா உலகம் பார்க்கக் கிளம்புவது இலகுவான கதையாம். வைத்தியன் ஆல்ஃபின் நோயாளிகளைத் தேடிப் போவது இதமான கதையாம். ஒரு பெண்ணை அடித்து, விலை பேசி, தோழியைக் கொன்று, பிறகு கத்தியாலும் குத்தினால்தான் கதை முதிர்ச்சி அடைகிறதா? பெண் படும் வதையைக் கனத்தின் அளவுகோலாக வைத்துக்கொண்டிருப்பது இந்த விளையாட்டு மட்டுமல்ல. ஆனால் நாமும் அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாராட்டுகிறோமே, அதுதான் என்னை உறுத்துகிறது.

மறுப்புகள் எனக்குத் தெரியும். முதல் மறுப்பு: இது பழைய பாணி விளையாட்டு, பழைய பாணியில் இப்படித்தான் இருக்கும்.

பழைய பாணி என்பது வானத்திலிருந்து விழுந்ததல்ல, தேர்ந்தெடுத்தது. 2017 செப்டம்பரில் இதன் மாதிரிப் பதிப்பை வெளியிட்டார்கள். அதில் ஆடக் கிடைத்தவை இரண்டே கதைகள்: ஒன்று வீரன் ஓல்பெரிக்குடையது, மற்றது பிரிம்ரோஸுடையது. ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்களின் கருத்துகளைக் கேட்டார்கள், அதன்படி பல வசதிகளைத் திருத்தவும் செய்தார்கள். பழைய விளையாட்டுகளில் எரிச்சலூட்டியவற்றை எல்லாம் களையலாம், வெளிச்சத்தைப் புதிதாக்கலாம், நடனக்காரி என்றால் மயக்குவாள் என்பதை மட்டும் பாரம்பரியம் என்று விட்டுவைக்கலாம் என்றால், அந்தப் பாரம்பரியத்தைக் காப்பது யாருக்காக? 1996இல் வந்த டிராகன் குவெஸ்ட் III மறுபதிப்பில் பாத்திரங்களுக்குக் குணங்கள் உண்டு. பெண் பாத்திரங்களுக்கு மட்டுமே வாய்க்கும் ஒரு குணத்தின் பெயர் கவர்ச்சிப் பெண். வளர்ச்சிக் கணக்கில் மிகச் சிறந்த குணங்களில் அதுவும் ஒன்று. ஆகவே கணக்குத் தெரிந்த ஆட்டக்காரர்கள் தங்கள் பெண் வீராங்கனைகளை எல்லாம் அந்தக் குணத்துக்கு மாற்றினார்கள். பெண்ணின் பலத்தைக் கூட்ட வேண்டுமா, கவர்ச்சியைக் கூட்டு. இதை யாரும் பிரசங்கம் செய்யவில்லை. எண்கள் சொல்லிக் கொடுத்தன. ஏக்கத்தோடு திரும்பிப் பார்க்கும் அந்தக் காலத்தில் இதுவும் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் வலுவானது. பயணிகளின் ஊர்ச் செயல்கள் இருவகை, நேர்வழி, குறுக்குவழி. டிரெஸா வாங்குவது நேர்வழி, தெரியன் திருடுவது குறுக்குவழி. ஆல்ஃபின் விசாரிப்பது நேர்வழி, பேராசிரியர் சைரஸ் துருவுவது குறுக்குவழி. ஓல்பெரிக்கின் சவால் நேர்வழி, வேட்டைக்காரி ஹானித்தின் சீண்டல் குறுக்குவழி. இதில் நடனக்காரியை மட்டும் தனிமைப்படுத்தவில்லையே என்பார்கள்.

சரி, பார்ப்போம். சைரஸ் துருவித் தோற்றால் அவன் இழப்பது நாகரிகத்தை. தெரியன் தோற்றால் கையும் களவுமாகப் பிடிபட்டான் என்று பொருள். ஹானித் தோற்றால் வேட்டை பிசகியது. திருட்டும் துருவலும் சீண்டலும் எதிரில் இருப்பவருக்குச் செய்யப்படும் தீங்குகள். அவற்றுக்குப் பெயர் கெடுவது நியாயம். பிரிம்ரோஸ் யாருக்கு என்ன தீங்கு செய்தாள்? துறவிப்பெண் ஒஃபீலியா கேட்பதையேதான் அவளும் கேட்கிறாள்: என்னோடு கொஞ்ச தூரம் வாருங்கள். ஜப்பானிய மூலத்திலும் ஒருத்தியின் செயலுக்கு வழிநடத்துதல் என்றும் மற்றவளின் செயலுக்கு மயக்குதல் என்றும்தான் பெயர், மொழிபெயர்ப்பாளர் தலையில் பழியைப் போட முடியாது. கேட்பவள் யார் என்பதை வைத்தே கேள்வியின் ஒழுக்கம் தீர்மானிக்கப்படுகிறது. கெட்ட பெயரை மீட்க வழியும் வைத்திருக்கிறார்கள்: மதுக்கடைக்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டும். மதுக்கடையிலிருந்து தப்பி வந்தவள், தன் மானத்தை வாங்க மறுபடி மதுக்கடைக்கே போய்க் காசு கட்டுகிறாள். எழுதியவர்களுக்கு இது உறைத்ததா என்று எனக்குத் தெரியாது. கட்டியபோது எனக்கு உறைத்தது.

அடுத்து, பொறாமை. பிரிம்ரோஸோடு ஆடும் மற்ற நடனப்பெண்கள் அவள் மேல் எரிந்து விழுகிறார்கள். அதே முதலாளியிடம் அதே அடியை வாங்குகிறவர்கள், கோபத்தை அவள் மேல் திருப்புகிறார்கள். சைரஸின் கதையிலோ, இளவரசியோடு அவனுக்குத் தகாத உறவு என்று ஒரு வதந்தி கிளம்புகிறது. கிளப்பியது யார்? அவன்மேல் காதல் கொண்ட தெரேஸ் என்ற மாணவி, பொறாமையில். பேராசிரியருக்குச் சேதம் ஒன்றுமில்லை, பயணம் கிளம்ப நல்ல சாக்காகிறது. ஆசிரியர்மேல் புகார் சொல்லும் மாணவி பொய் சொல்கிறாள் என்பது நமக்கு எவ்வளவு பழகிய கதை! கல்லூரியில் படிக்கும் தோழிகள் இதை ஆடும்போது ஒரு நிமிடம் நிறுத்தி யோசிக்க வேண்டும். எட்டுக் கதைகளில் இப்படி ஒரு புகார் வருவது ஒரே இடத்தில். அந்த ஒரே இடத்திலும் அது பொய், அதுவும் சிரிப்புக்கு.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது நோபிள்கோர்ட்டில் நடப்பது. பிரிம்ரோஸின் சொந்த ஊர் அது. அங்கே சிமியனைச் சந்திக்கிறாள். அவள் சிறுமியாக இருந்தபோது வீட்டில் தோட்டக்காரனாக இருந்தவன், அவள் மனதில் இடம்பிடித்தவன். காக்கை முத்திரைக்காரர்களில் கடைசி ஆள் அவன்தான் என்பது வெளிப்படும் கணத்தில் அவளைக் கத்தியால் குத்துகிறான். அவள் தனியாகக் கீழே விழுகிறாள்.

தனியாக! சற்று முன்புவரை என் அணியில் நான்கு பேர் இருந்தார்கள். ஓல்பெரிக் வாளோடு நின்றான். ஆல்ஃபின் பை நிறைய மருந்து வைத்திருந்தான். அந்தச் சண்டையில் நால்வரும் சேர்ந்தே அடித்தோம். காட்சி தொடங்கியதும் மூவரும் காணாமல் போகிறார்கள். பெண் குத்துப்பட்டுக் கிடக்கும்போது அவளோடு நடந்துவந்த வைத்தியன் அந்த உலகத்திலேயே இல்லை. எட்டுக் கதைகளும் இப்படித்தான் தனித்தனியாக ஓடுகின்றன. பயணிகள் நடுநடுவே இரண்டு வார்த்தை பேசிக்கொள்வதோடு சரி. ஆட்டக்காரர்கள் எல்லோரும் சொன்ன குறைதான் இது. எந்தப் பாத்திரத்தை எப்போது சேர்ப்பது என்பதை ஆடுபவரிடம் விட்டதால் நேர்ந்த கட்டமைப்புச் சிக்கல் என்று முடித்துவிடுவார்கள். டிரெஸாவின் கதையில் அது கட்டமைப்புச் சிக்கலாக இருக்கலாம். பிரிம்ரோஸின் கதையில் அதற்கு வேறு பொருள் வந்துவிடுகிறது. வன்முறைக்கு ஆளான பெண் அதைத் தனியாகத்தான் தாங்க வேண்டும், தனியாகத்தான் பழி தீர்க்க வேண்டும், உடன் இருப்பவர்கள் அந்த நேரத்தில் எதையும் பார்க்கவில்லை. இதை நாம் வெளியே போதுமான அளவு பார்த்துவிட்டோம். வீட்டுக்குள் அமர்ந்து ஆடும் விளையாட்டிலும் பார்க்க வேண்டுமா?

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கடைசி அத்தியாயத்தில் இந்த விளையாட்டுக்கு ஒரு பேருண்மை தட்டுப்படுகிறது. எவர்ஹோல்ட் என்ற நாடக நகரத்தில், பிரிம்ரோஸின் வாழ்க்கையையே சிமியன் நாடகமாக எழுதி மேடையேற்றுகிறான். அவளுடைய துயரம் அவனுக்குக் கதைப்பொருள். அவள் அழுவதும் தேடுவதும் பழிதீர்க்க வருவதும் அவன் ரசிக்கும் காட்சிகள். அவனைக் கொன்றுதான் அந்தக் கதையிலிருந்து அவள் வெளியே வருகிறாள். பெண்ணின் வதையை அழகான நாடகமாக்கி ரசிக்கும் ஆண்தான் வில்லன் என்று விளையாட்டே சொல்கிறது. சொல்லிவிட்டு, முதல் அத்தியாயத்திலிருந்து தானும் அதையே செய்துகொண்டிருந்தது என்பதைக் கவனிக்காமல் நகர்ந்துவிடுகிறது. அந்த நாடகத்தின் பார்வையாளர் வரிசையில் நாமும் உட்கார்ந்திருந்தோம். அவளைக் கொண்டு மயக்கு என்ற பொத்தானை அழுத்தியது நம் விரல்தான்.

வேறு விதமாகச் செய்ய முடியாதா? முடியும் என்பதற்கு அவர்களே சாட்சி. 2023இல் வந்த இரண்டாம் பாகத்தில் வழிகாட்டுபவர் டெமனோஸ் என்ற ஆண். பயணிகள் இருவர் இருவராகச் சேர்ந்து நடத்தும் கதைகளும் அதில் உண்டு. அதாவது ஒருவர் கதையில் மற்றவர் நிற்பதற்குத் தொழில்நுட்பம் தடையாக இருந்ததில்லை. ஆனால் அந்தப் பாகத்தின் நடனக்காரி அக்னியாவைப் பாருங்கள். கிராமத்திலிருந்து புகழ்பெறக் கிளம்பும் கலகலப்பான பெண். அவளை எனக்குப் பிடிக்கும். இருந்தும் பிரிம்ரோஸுக்கான பதில் அவள் அல்ல. கோபக்காரியை எடுத்துவிட்டுச் சிரிப்புக்காரியை வைத்தால் கோபத்தின் காரணம் மறைந்துவிடாது. மயக்கு என்ற கட்டளையும் அவளிடம் அப்படியே இருக்கிறது.

எனக்கு வேண்டியது பிரிம்ரோஸின் கதை இல்லாத விளையாட்டு அல்ல. அந்தக் கதை வேண்டும், அந்தக் கோபம் வேண்டும், கத்தியும் வேண்டும். அவள் குத்துப்பட்டு விழும்போது ஆல்ஃபின் ஓடி வர வேண்டும். ஹானித்தின் வேட்டைச் சிறுத்தை கதவை உடைத்துக்கொண்டு பாய வேண்டும். யூசுஃபாவைப் போல இன்னொரு தோழி சாகாமல் கடைசிவரை கூட வர வேண்டும். அவள் ஒருவரைத் துணைக்கு அழைத்தால், அது அழைப்பு என்றே எழுதப்பட வேண்டும்.

ஆடும் தோழிகளுக்கு ஒரு வார்த்தை. வெறும் விளையாட்டுதானே என்று உங்களிடம் சொல்வார்கள். அதே ஆட்கள் அதன் சண்டை விதிகளைப் பற்றி இரவெல்லாம் வாதம் செய்வார்கள். எந்தத் தாக்குதல் எத்தனை கேடயத்தைக் குறைக்கும் என்று கணக்குப் போடுவார்கள். விதிகள் அவர்களுக்கு முக்கியம்தான். நாமும் விதிகளைப் பற்றியே பேசுகிறோம். பொறுமையாகப் புள்ளி சேர்த்து வைத்திருக்கிறோம். எந்த இடத்தில் அடித்தால் கேடயம் குறையும் என்பதும் நமக்குத் தெரியும். இப்போது நம் முறை.